இடுப்பில் அமைந்த தொழிற்கூடம்: யாழ்ப்பாணச் சீவற்றொழிலாளரின் கருவித்தொகுதி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மனிதன் தான் செய்யும் தொழிலுக்குரிய கருவிகளைத் தன் உடலோடு பிணைத்துக் கொண்டமை உலக நாகரிக வரலாற்றில் பரவலாகக் காணப்படும் ஒரு செய்தியாகும். கைகள் இரண்டும் வேறொரு வேலையில் ஈடுபட்டிருக்கும் வேளையில் கருவி எங்கே இருக்க வேண்டும் என்ற வினாவுக்கு, இடுப்பே மிகப் பழைய விடையாக அமைந்தது. ஐரோப்பாவிலே வீட்டு நிருவாகத்தைப் பொறுப்பேற்ற பெண்கள் திறவுகோல், கத்தரிக்கோல், ஊசிக்கூடு ஆகியவற்றை ஒரே கொளுவியிற் கோத்து இடுப்பில் அணிந்தனர். சுவிற்சர்லாந்து தன் படைவீரருக்கென 1891ஆம் ஆண்டிற் பல அலகுகள் கொண்ட மடிப்புக் கத்தியை வழங்கத் தொடங்கியது. இன்று கொல்ஃப் விளையாடுவோர், பந்து விழுந்து குழிந்த புற்றரையைச் சீர்செய்யும் சிறு முள், பந்தின் இடத்தைக் குறிக்கும் வில்லை, மட்டையின் வரிப்பள்ளங்களைத் துப்புரவாக்கும் தூரிகை ஆகியவற்றை ஒன்றாக இணைத்து இடைவாரில் மாட்டிக்கொள்ளும் கருவியும் இவ்வரிசையிற் சேர்வதே. இவை அனைத்திற்கும் பொதுவான பண்பு ஒன்றே: பல பயன்களை ஓரிடத்தில் திரட்டி, அவ்விடத்தை உடலின் ஒரு பகுதியாக்கிக் கொள்ளுதல்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இப்பண்பின் மிகச் சிறந்த வெளிப்பாடு, பனையேறிக் கள்ளும் கருப்பநீரும் இறக்கிய சீவற்றொழிலாளரின் இடுப்பிலே காணப்பட்டது. கத்திக்கூடு, கத்திகள், பாளையைத் தட்டும் பொல்லு, சுண்ணாம்பு, முட்டி, தளைநார் எனப் பலவும் சேர்ந்த அத்தொகுதி, நிலத்திலிருந்து மிக உயர்ந்த ஓரிடத்தில் ஒரு தொழிற்கூடத்தையே நடத்துவதற்குப் போதுமானதாக இருந்தது. எனினும் யாழ்ப்பாண வரலாற்று நூல்களில் அரசரின் முடிக்கும் அந்நியரின் கோட்டைக்கும் கிடைத்த இடம் இக்கருவிகளுக்குக் கிடைக்கவில்லை. குடாநாட்டின் பொருளாதாரத்தில் ஒரு பெரும் பகுதி இவ்விடுப்பிலிருந்தே இறங்கி வந்தது என்பதையும், அதே இடுப்பைச் சமூகம் தாழ்வின் அடையாளமாகக் கருதியது என்பதையும் ஒருங்கு வைத்து நோக்குவது இங்கு அவசியமாகின்றது.

நிலமும் மரமும்

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கற் பாறையின் மேல் அமைந்த சமதரை நிலம். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இங்கில்லை. வடகீழ்ப் பருவக்காற்றுக் கொணரும் சில மாத மழையும், பாறையின் ஊடாக ஊறி நிற்கும் கிணற்று நீருமே வாழ்வுக்கு ஆதாரம். இத்தகைய நிலத்திலே நீரூற்றுவாரின்றித் தானே வளர்ந்து, வறட்சியைத் தாங்கி, மணற்பாங்கான கரையோரங்களிலும் நிலைத்து நிற்கும் ஆற்றல் பனைக்கு உண்டு. முற்றிய பனை நூறடி வரையும் உயரக்கூடியது. விதை முளைத்துப் பாளை ஈனுவதற்கு 12 முதல் 20 ஆண்டுகள் வரை செல்லும். ஆதலால் ஒரு தலைமுறை இட்ட விதையின் பயனை அடுத்த தலைமுறையே முழுமையாகத் துய்க்கின்றது.

குடாநாட்டு மக்களின் உணவில் ஒடியல், பனாட்டு, பனங்கிழங்கு, பனங்கட்டி ஆகியன பெற்ற இடம் யாவரும் அறிந்ததே. ஓலை கூரையாயிற்று, வேலியாயிற்று, புகையிலைத் தோட்டத்துக்குப் பசளையாயிற்று. மரம் வளையாகவும் சலாகையாகவும் வெட்டப்பட்டு, ஒல்லாந்தர் காலத்திலே கடல் கடந்தும் ஏற்றுமதியாயிற்று. வில்லியம் ஃபெர்குசன் 1850ஆம் ஆண்டிலே கொழும்பில் வெளியிட்ட பனை பற்றிய நூல், இலங்கைப் பனையின் பயன்களை விரிவாகத் தொகுத்துரைத்த முன்னோடி நூலாகும். பனையின் 801 பயன்களைக் கூறுவதெனப் போற்றப்படும் 'தால விலாசம்' என்னும் தமிழ்ச் செய்யுள் நூலும் உண்டு.

இவ்வாறு பனையின் பயன்களை எண்ணியோர் பலர். ஆயின் அப்பயன்களுட் பலவற்றை அடைவதற்கு ஒருவர் மரத்தின் உச்சிக்கு ஏறியே ஆக வேண்டும் என்பதும், ஏறுவதற்கும் அங்கு நின்று தொழில் புரிவதற்கும் தனியான அறிவும் கருவியும் வேண்டும் என்பதும் அவ்வெண்ணிக்கையினுள் அடங்குவதில்லை. வீழ்ந்த பழத்தைப் பொறுக்கலாம். விதையைப் புதைத்துக் கிழங்கு எடுக்கலாம். பாளையிலிருந்து வடியும் சாறோ ஏறுபவனுக்கு மட்டுமே கிடைப்பது.

கருவித்தொகுதியின் அமைப்பு

சீவற்றொழிலாளரின் கருவிகளைத் தொழிற்பாட்டு அடிப்படையில் மூன்றாக வகுக்கலாம். ஏறுதற்குரியவை, சீவுதற்குரியவை, சேகரித்தற்குரியவை என்பன அவை.

ஏறுதற்குரியவற்றுள் முதன்மையானது தளைநார். பனையின் மட்டையிலிருந்து உரித்த நாரை முறுக்கி வளையமாகக் கட்டிய இது, இரு பாதங்களையும் ஒன்றோடொன்று பிணைக்கின்றது. கைகள் மரத்தை அணைத்துப் பிடிக்க, பிணைந்த பாதங்கள் மரத்தின் இருபுறமும் அழுந்தி உடலை மேலே உந்துகின்றன. தளைநார் இல்லாவிடின் பாதங்கள் விலகி நழுவும். மரத்தின் சொரசொரப்பான பட்டையில் மார்பு உராய்வதைத் தடுப்பதற்கெனத் தோல் அணியும் வழக்கமும் பனையேறுவோரிடையே உண்டு.

சீவுதற்குரியவற்றுள் பாளைக்கத்தி தலையாயது. பாளையின் நுனியைத் தாள்போன்ற மெல்லிய சீவலாக அரிதற்கு ஏற்ற வகையில் இதன் வாய் மிகவும் கூர்மையாகத் தீட்டப்பட்டிருக்கும். தடித்துச் சீவினால் பாளை விரைவில் தேய்ந்து பருவம் முடியுமுன்னரே பயனற்றுப்போகும். கூர் மழுங்கிய கத்தியாற் சீவினால் சாற்றுக்குழாய்கள் நசிந்து ஓட்டம் நின்றுவிடும். எனவே கத்தி தீட்டுதல் இத்தொழிலின் நாளாந்தக் கடமைகளுள் ஒன்றாயிற்று. மட்டை கழித்தல், ஓலை வெட்டுதல் முதலிய முரட்டு வேலைகளுக்கு வேறொரு கத்தி பயன்பட்டது. பாளையை இளக்கிச் சாறு சுரக்கச் செய்வதற்குச் சிறு பொல்லும், இரு கழிகளை ஒருமுனையிற் பிணைத்தாற் போன்ற இடுக்கியும் உதவின.

சேகரித்தற்குரியது மண் முட்டி. சீவிய பாளை நுனியை உள்ளே புகுத்தி முட்டியைக் கட்டிவிட, சாறு துளித்துளியாக அதனுள் வடியும். அடுத்த முறை ஏறும்போது நிறைந்ததை வேறொரு கலத்தில் ஊற்றி இறக்குவர். முட்டியின் உட்புறத்திற் பூசுவதற்கான சுண்ணாம்பும் இவற்றோடு செல்லும்.

இவை அனைத்தையும் ஒழுங்குபடுத்தி வைத்த இடமே இடுப்பில் வரிந்து கட்டிய கத்திக்கூடு. ஏறும்போது கத்தியின் வாய் உடலில் படாமலும், குனிந்து வளையும்போது கருவி நழுவி விழாமலும், கண்ணால் நோக்காமலே கை சென்று எடுக்கக் கூடியவாறும் அக்கூடு அமைய வேண்டும். மரத்தின் உச்சியில் ஒரு கை மட்டையைப் பற்றியிருக்க, மற்றக் கையே எல்லாக் கருவியையும் எடுத்துப் பயன்படுத்தி மீளவும் உரிய இடத்திற் செருகுகின்றது. கத்தி கை நழுவி விழுந்தால் அதை எடுப்பதற்காக இறங்கி மீண்டும் ஏற வேண்டும். கீழே நிற்பவருக்கு அது உயிராபத்தாகவும் முடியலாம். ஒவ்வொரு கருவிக்கும் இடுப்பில் உரிய இடம் ஒதுக்கப்பட்டமைக்குக் காரணம் இதுவே.

இத்தொகுதியின் பெரும்பகுதி பனையிலிருந்தே பெறப்பட்டது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. தளைநார் பனை நார். கட்டும் கயிறும் அதுவே. கூடும் பெட்டியும் ஓலையாலும் நாராலும் முடையப்படக்கூடியன. இரும்புக்குக் கொல்லரையும், மண் முட்டிக்குக் குயவரையும், சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பு சுடுவோரையும் தொழிலாளர் நாட வேண்டியிருந்தது. ஆகவே ஒரு மனிதனின் இடுப்பிலே குடாநாட்டின் பல தொழில்கள் ஒன்று கூடின எனலாம்.

உடலும் காலமும் அறிவும்

பிரெஞ்சுச் சமூகவியலாளரான மார்செல் மோஸ் 1934ஆம் ஆண்டிலே நிகழ்த்திய ஓர் உரையில், மனிதனின் முதலாவது கருவி அவனது உடலே என்ற கருத்தை வலியுறுத்தினார். நடத்தல், நீந்துதல், ஏறுதல் ஆகியன யாவும் சமூகம் கற்றுக்கொடுக்கும் நுட்பங்களே என்பது அவரது வாதம். பனையேறுதல் இக்கருத்துக்கு மிகப் பொருத்தமான சான்றாகும். தளைநாரை மாட்டியவுடன் எவரும் பனையேறிவிட முடியாது. இளமையிலேயே தொடங்கும் பயிற்சியினால் பாதம் வளைகின்றது, உள்ளங்கை காய்க்கின்றது, மார்பும் முன்கையும் மரத்தின் பருமையை அளந்தறியப் பழகுகின்றன. இடுப்பில் அணிந்த கருவிகள் இவ்வாறு பழக்கப்பட்ட உடலின் தொடர்ச்சியாகவே செயற்பட்டன.

காலம் பற்றிய அறிவும் இத்தொழிலின் ஒரு கூறு. ஆண் பனையும் பெண் பனையும் வேறு வேறு மரங்கள். இரண்டின் பாளைகளும் தோன்றும் பருவமும், அவற்றைப் பதப்படுத்தும் முறையும் வேறுபடுவன. பாளையைக் கட்டி, நாள்தோறும் அளவறிந்து தட்டி, நுனியைச் சீவி வந்தாலன்றிச் சாறு சுரக்கத் தொடங்குவதில்லை. சுரக்கத் தொடங்கிய பின்னரோ ஒரு நாளேனும் விடுதல் இயலாது. காலையிலும் மாலையிலும் ஏறிச் சீவ வேண்டும். தவறினால் வெட்டுவாய் காய்ந்துவிடும். ஒருவர் பல மரங்களைப் பொறுப்பேற்றிருந்த காரணத்தால், விழாநாள், துக்கநாள் என்ற வேறுபாடின்றி நாளுக்கு இருமுறை அத்தனை மரங்களிலும் ஏறி இறங்க நேர்ந்தது.

இவையனைத்தினும் நுட்பமானது சுண்ணாம்பு பற்றிய அறிவு. பாளையிலிருந்து வடியும் புதுச்சாற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 12 பங்கு வெல்லம் அடங்கியுள்ளது. காற்றிலும் முட்டியின் சுவரிலும் தங்கியுள்ள மதுவங்கள் அவ்வெல்லத்தை உடனேயே நொதிக்கச் செய்கின்றன. சில மணி நேரத்துள் அது கள்ளாகிவிடுகின்றது. முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசினால் சாறு காரத்தன்மை அடைந்து, மதுவங்களின் செயல் தடைப்படுகின்றது. அப்போது கிடைப்பது இனிய கருப்பநீர். அதனைக் காய்ச்சினால் பாணியும் பனங்கட்டியும் கற்கண்டும் உண்டாகின்றன. நொதித்தலுக்கு நுண்ணுயிரே காரணம் என்பதைப் பிரான்சில் லூயி பாஸ்ரர் 1850களின் பிற்பகுதியிலே நிறுவினார். அதற்கு நெடுங்காலத்துக்கு முன்னரே, நொதித்தலை விரும்பியபோது விடவும் விரும்பாதபோது நிறுத்தவும் தேவையான செய்முறையைப் பனையேறுவோர் தம் இடுப்பிற் சுமந்தனர். காரணம் எழுதப்படவில்லை, ஆயினும் விளைவு பிழைக்காமல் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்தது.

கருவியும் சாதியமைப்பும்

இத்துணை அறிவைத் தாங்கிய கருவித்தொகுதிக்கு யாழ்ப்பாணச் சமூகம் அளித்த மதிப்பு யாது என்பதே அடுத்த வினா. ஒல்லாந்த ஆட்சியின்போது திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் தொகுத்து 1707ஆம் ஆண்டிற் சட்டமாக ஏற்கப்பட்ட தேசவழமை, குடாநாட்டின் அடிமைகளைப் பற்றித் தனியான பகுதியொன்றைக் கொண்டுள்ளது. கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் ஆகியோர் அதில் அடிமைகளாகக் குறிக்கப்படுகின்றனர். இவர்களுள் நளவர் சீவற்றொழிலோடு மிக நெருங்கிய தொடர்புடையோர். அடிமை முறை இலங்கையில் 1844ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. சட்டத்தில் அடிமை நிலை ஒழிந்ததாயினும், நிலமும் மரமும் பெரும்பாலும் பழைய உடைமையாளரிடமே தங்கின. மரத்துக்குச் சொந்தக்காரர் ஒருவராகவும், மரத்தில் ஏறுபவர் வேறொருவராகவும் இருந்த இந்த உறவே தொழிலாளரின் வாழ்வைத் தொடர்ந்து நிர்ணயித்தது.

இச்சூழலில் இடுப்பிற் கட்டிய கத்திக்கூடு தொழிற்கருவி என்ற நிலையைக் கடந்து ஒரு சமூக முத்திரையாகவும் ஆயிற்று. தெருவில் நடப்பவரைக் கண்ட அளவிலேயே அவர் யார், அவரை எவ்வாறு விளிப்பது, எம்முற்றம் வரையில் அனுமதிப்பது என்பதை அது அறிவித்தது. அவர் இறக்கிய கருப்பநீரிலிருந்து காய்ச்சிய பனங்கட்டி எல்லா வீட்டு அடுக்களைக்குள்ளும் தடையின்றிப் புகுந்தது. அதை இறக்கியவர் புக இயலவில்லை. அவர் வெட்டிக் கொடுத்த ஓலை கோயிற் பந்தலாயிற்று. அக்கோயிலின் வாயில் அவருக்குத் திறக்கவில்லை.

இம்முரண்பாட்டின் உச்சம் எழுத்தோடு தொடர்புடையது. யாழ்ப்பாணத்தின் கல்விச் சிறப்பு ஏட்டுச்சுவடிகளின் மீது எழுந்தது. அச்சுவடிகள் பனையோலையால் ஆனவை. ஓலை மரத்தின் உச்சியிலிருந்து வெட்டி இறக்கப்பட வேண்டியது. இலக்கியமும் சோதிடமும் மருத்துவமும் உறுதிகளும் எழுதப்பட்ட ஓலையை இறக்கிக் கொடுத்த கைகளுக்கே எழுத்து நெடுங்காலம் மறுக்கப்பட்டது. ஆகவே அவர்களது வரலாறு ஓலையில் எழுதப்படவில்லை. எழுத்துச் சான்று இல்லாத ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாற்றை ஆராய்பவருக்குக் கருவிகளே முதன்மைச் சான்றாகின்றன.

இருபதாம் நூற்றாண்டில் இந்நிலைக்கு எதிரான போராட்டங்கள் வலுப்பெற்றன. பாடசாலைகளிற் சம ஆசனம் கோரியும், தேநீர்க் கடைகளிலும் கோயில்களிலும் நுழையும் உரிமை கோரியும் ஒடுக்கப்பட்ட மக்கள் இயக்கங்களை நடத்தினர். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் ஒரு மைல்கல்லாக அமைந்தது. 1968ஆம் ஆண்டிலே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டம் சட்டத்துக்கும் நடைமுறைக்கும் இடையிலிருந்த தூரத்தை வெளிப்படுத்திற்று. கே. டானியல் 1972ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பஞ்சமர்' நாவல் இவ்வரலாற்றை இலக்கியத்தில் பதிவு செய்தது. அதுவரை பிறரால் எண்ணப்பட்டும் வகைப்படுத்தப்பட்டும் வந்த மக்கள், தம் வரலாற்றைத் தாமே கூற முன்வந்த காலம் அது.

அரசும் முட்டியும்

இடுப்புக் கருவிகள் மீது சாதியமைப்பு விதித்த கட்டுப்பாடு ஒருபுறமாக, அரசு விதித்த கட்டுப்பாடு மறுபுறமாக அமைந்தது. கள்ளும் சாராயமும் குடியேற்ற ஆட்சியாளருக்கு முக்கிய வருவாய் மூலங்கள். விற்பனை உரிமையைக் குத்தகைக்கு விடும் முறை நெடுங்காலம் நிலவியது. 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் தவறணைகளை அனுமதிப்பத்திர முறையின் கீழ் ஒழுங்குபடுத்திற்று. அதன் பின்னர், பாளையிற் கட்டிய முட்டியும் அரசின் கண்காணிப்புக்கு உட்பட்ட பொருளாயிற்று. சுண்ணாம்பு பூசிய முட்டி ஒரு பொருளைத் தந்தது. பூசாத முட்டி சட்டத்தின் பார்வையில் வேறொரு பொருளைத் தந்தது.

மதுவிலக்கு இயக்கமும் இக்காலத்தில் குடாநாட்டிற் பரவியது. குடியினாற் குடும்பங்கள் சீரழிந்தமை உண்மை. அவ்வியக்கத்தினரின் அக்கறையும் புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும் குடிப்பவரின் ஒழுக்கம் பற்றிய அவ்விவாதத்தில், இறக்குபவரின் பிழைப்பு பின்தள்ளப்பட்டது. கருப்பநீரும் பனங்கட்டியும் போதிய விலை பெற்றிருப்பின், கத்திக்கூட்டில் இருந்த சுண்ணாம்பே அவ்விவாதத்துக்கு ஒரு விடையாக அமைந்திருக்கக்கூடும். பனங்கட்டி காய்ச்சுவதற்கு வேண்டிய விறகும் உழைப்பும் மிகுதி. இறக்குமதியான சீனியோ மலிவு. இப்பொருளாதாரக் காரணமே தொழிலாளரைக் கள்ளின் பக்கம் சாய்த்தது எனக் கொள்வது பொருந்தும்.

1970களின் தொடக்கத்திலே சீவற்றொழிலாளரைக் கூட்டுறவுச் சங்கங்களாக அமைக்கும் முயற்சி குடாநாட்டில் மேற்கொள்ளப்பட்டது. இறக்கிய கள்ளைச் சங்கமே பெற்று விற்கும் முறையினால், இடைத்தரகரின் பிடி தளர்ந்தது. தொழிலாளர் சேமிப்பும் சேமநலமும் ஓரளவு பெற்றனர். தம் உழைப்பின் விலையைக் கேட்டுப் பெறும் ஓர் அமைப்பில் அவர்கள் உறுப்பினராயினர் என்பது இதன் சமூக முக்கியத்துவம். 1978ஆம் ஆண்டிலே பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. கைதடியில் அமைந்த பனை ஆராய்ச்சி நிறுவகம் பனை உற்பத்திகள் பற்றிய ஆய்வுகளை மேற்கொள்கின்றது. வடமராட்சியிலே திக்கம் வடிசாலை பனங்கள்ளிலிருந்து சாராயம் வடிப்பதற்கென எழுந்தது.

கடல் கடந்த ஓர் ஒப்பீடு

யாழ்ப்பாணத்தின் நிலையைத் தென் தமிழகத்தோடு ஒப்பிடுதல் பயனுடையது. திருநெல்வேலி, கன்னியாகுமரி, இராமநாதபுரப் பகுதிகளிலும் பனையேறுவோர் ஏறத்தாழ இதே கருவிகளைப் பயன்படுத்தினர். அங்கு இடுப்பிற் கட்டும் கூடு அரிவாள்பெட்டி எனப்படும். முட்டி கலயம் எனப்படும். கருப்பநீர் பதநீர் எனப்படும். கால்டுவெல் 1849ஆம் ஆண்டிலே திருநெல்வேலிச் சாணாரைப் பற்றி எழுதிய நூல் இத்தொழிலை ஐரோப்பியருக்கு அறிமுகப்படுத்திற்று. ஆயினும் ஏறுபவரை இழிவாக நோக்கும் அதன் கூற்றுகள் அச்சமூகத்தவரின் கடும் எதிர்ப்பையும் பெற்றன.

கருவிகள் ஒத்திருந்தும் வரலாறுகள் வேறுபட்டன. தெற்கே அச்சமூகத்தவருட் பலர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வணிகத்திலும் கல்வியிலும் முன்னேறி, நாடார் என்ற பெயரோடு தம்மை ஒருங்கமைத்துக் கொண்டனர். திருவிதாங்கூரில் அச்சமூகத்துப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நிகழ்ந்த போராட்டம் 1859ஆம் ஆண்டின் அரச பிரகடனத்தில் ஒரு கட்டத்தை எட்டிற்று. யாழ்ப்பாணத்திலோ குறுகிய நிலப்பரப்பும், நிலவுடைமையின் இறுக்கமும் அத்தகைய விரைவான எழுச்சிக்கு இடந்தரவில்லை. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்குதல் தடை செய்யப்பட்டுள்ளமையால் அங்கு சுண்ணாம்பே சட்டபூர்வமான தொழிலின் நிபந்தனையாயிற்று. இலங்கையில் அனுமதியோடு கள் இறக்கப்படுகின்றது. ஒரே கத்தியும் ஒரே நாரும் இரு கரைகளில் இருவேறு சமூக விளைவுகளுக்கு உட்பட்டன என்பதிலிருந்து, கருவி தானே வரலாற்றை நிர்ணயிப்பதில்லை என்பதும், அது இயங்கும் உற்பத்தி உறவுகளே நிர்ணயிக்கின்றன என்பதும் புலனாகும்.

இன்னோர் ஒப்பீடும் இங்கு கருதத்தக்கது. பிரித்தானியர் 1879ஆம் ஆண்டிலே கொழும்பிற் கொல்ஃப் கழகத்தை நிறுவிக் காலிமுகத்திடலில் விளையாடினர்; நுவரெலியாவில் 1889ஆம் ஆண்டிலே மற்றொரு கழகம் தோன்றிற்று. அவ்விளையாட்டில் மட்டைகளைச் சுமந்து பின்னே நடப்பதற்கென ஒரு பணியாள் இருந்தான். அதே ஆட்சியின் கீழ், அதே தீவின் வட முனையில், உயிரைப் பணயம் வைத்து உயர ஏறியவர் தம் கருவிகள் அனைத்தையும் தாமே சுமந்தார். ஓய்வுக்குரிய கருவியைச் சுமக்க ஆள் இருந்தது. உழைப்புக்குரிய கருவியைச் சுமக்க உழைப்பவரின் இடுப்பு மட்டுமே இருந்தது. கருவியை யார் செய்தார், யார் பயன்படுத்தினார் என்பவற்றோடு, யார் சுமந்தார் என்பதும் வரலாற்று வினாவே.

தேய்வும் எதிர்காலமும்

1983க்குப் பின்னர் தீவிரமடைந்து 2009 வரை நீடித்த போர், குடாநாட்டின் பனைவளத்தைப் பெரிதும் அழித்தது. காவலரண்களுக்கும் பதுங்குகுழிகளுக்கும் பனங்குற்றிகள் வெட்டப்பட்டன. எறிகணைகள் மரங்களின் தலைகளைச் சிதைத்தன. உயர்பாதுகாப்பு வலயங்களாகப் பிரகடனப்படுத்தப்பட்ட நிலங்களிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டனர். இடப்பெயர்வினால் தொழில் இடையறுந்தது. ஒரு நாள் விட்டாலே காய்ந்துபோகும் பாளையை மாதக்கணக்கில் விட நேர்ந்தது. கல்வியாலும் புலப்பெயர்வினாலும் இளந்தலைமுறையினர் வேறு தொழில்களை நாடினர்.

இம்மாற்றத்தைத் துயரத்துடன் மட்டும் நோக்குவது பொருந்தாது. தந்தையின் கத்திக்கூட்டை மகன் ஏற்க மறுத்தமை, பல குடும்பங்களில் விடுதலையின் அடையாளமாகவே அமைந்தது. பனையிலிருந்து வீழ்ந்து முதுகெலும்பு முறிந்தோரும் உயிரிழந்தோரும் இத்தொழிலாளரிடையே எப்போதும் இருந்துள்ளனர். அவர் மனைவியர் ஒவ்வொரு காலையும் மாலையும் அச்சத்தோடு காத்திருந்தனர். பாரம்பரியம் என்ற பெயரால் அவ்வாபத்தையும் இழிவையும் ஒருசாராரின் தலையில் நிலைநிறுத்த முனைவது நீதியாகாது. அதே வேளையில், தொழில் சாதியோடு பிணைந்திருந்தமையாலேயே அதன் அறிவும் அழியட்டும் என விடுவதும் மற்றொரு அநீதியாகும். இழிவு சமூகம் சுமத்தியது. அறிவு தொழிலாளர் ஈட்டியது. இவ்விரண்டையும் வேறுபிரித்து நோக்குவதே இன்றைய ஆய்வாளரின் கடமை.

அக்கடமை இருவழியில் நிறைவேறக்கூடும். முதலாவது, கருவியின் வளர்ச்சி. தென்னை ஏறுவதற்கெனக் கேரளத்தில் உருவான எளிய பொறிகள், பயிற்சியற்றோரும் பெண்களும் ஏற வழிவகுத்துள்ளன. பனையின் கருமையான சொரசொரப்பும் பருமையும் மட்டைகளின் அமைப்பும் அப்பொறிகளை அப்படியே ஏற்பதற்கு இடந்தருவதில்லை. பனைக்கென அவை திருத்தியமைக்கப்பட வேண்டியுள்ளன. ஏறுபவரின் இடுப்பில் கத்திக்கூட்டோடு பாதுகாப்பு வாரும் இணையுமாயின், நூற்றாண்டுகளாக விடுபட்டிருந்த ஓர் உறுப்பு அத்தொகுதியிற் சேர்ந்ததாகும். பாளையைக் காக்கவும் கத்தியைக் காக்கவும் ஏற்ற வகையில் வளர்ந்த அக்கருவித்தொகுதியிலே, ஏறுபவரைக் காக்கும் கருவி ஒன்று இல்லாதிருந்தமை, அவர் உயிருக்குச் சமூகம் இட்ட மதிப்பின் அளவையே காட்டுகின்றது.

இரண்டாவது, பதிவு. முதிய தொழிலாளரிடம் கருவிகளின் பெயர்களும், பாளையின் பருவங்களுக்கு வழங்கும் சொற்களும், கட்டும் முறைகளும், தீட்டும் முறைகளும் இன்னும் எஞ்சியுள்ளன. வலிகாமத்திலும் வடமராட்சியிலும் தென்மராட்சியிலும் தீவகத்திலும் வழங்கும் சொற்கள் ஒப்பிட்டுத் தொகுக்கப்பட வேண்டும். இப்பணி மொழியியலாளருக்கும் வரலாற்றாளருக்கும் தாவரவியலாளருக்கும் பொதுவானது. தகவல் தருவோரைத் தகவல் மூலம் என்று மட்டும் கருதாது, அத்துறையின் வல்லுநராகவே மதித்து அணுகும்போதுதான் அத்தொகுப்பு நம்பத்தக்கதாக அமையும்.

யாழ்ப்பாணத்தின் வரலாற்றுக்குச் சான்று தேடுவோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் ஒல்லாந்தர் பதிவேட்டையும் நாடுவர். அவற்றோடு ஒருங்கு வைத்து நோக்கத்தக்க சான்றுகளே ஒரு தேய்ந்த தளைநாரும், கூர் தீட்டித் தீட்டி மெலிந்த ஒரு பாளைக்கத்தியும். எழுதப்பட்ட சான்றுகள் நிலத்தை ஆண்டோரைப் பற்றிக் கூறுகின்றன. இவை அந்நிலத்தை வாழச் செய்தோரைப் பற்றிக் கூறுகின்றன. இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதே குடாநாட்டின் வரலாறு முழுமை பெறும்.